முப்பது மில்லிமீட்டர் இறக்கம்

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
2 ஜூலை 2025

அன்புத் தம்பி லோகேஷுக்கு,

இளவரசி எழுதுவது. இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி, அம்மாவுக்கு என் மேல் கோபம், எனக்கு ஒரு குறையும் இல்லை. கட்ச் வெயில் உன்னை எப்படி வைத்திருக்கிறது? காற்றாலைக் கம்பத்தில் ஏறி இறங்குகிறவன் வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

அக்கா ஏன் திடீரென்று கடிதம் எழுதுகிறாள் என்று முழிக்காதே. உன் சைட்டில் சிக்னல் ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரம்தான் எட்டிப் பார்க்கிறது. அதையும் அம்மா ஸ்பீக்கரில் போட்டு நடுக்கூடத்தில் வைத்துவிடுகிறாள். அவள் காதுபடக் காரைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியுமா? அந்தச் சிவப்புச் சனியனை எவன் தலையிலாவது கட்டு என்று ஆரம்பித்துவிடுவாள். அதனால் இனிக் கார் விஷயமெல்லாம் காகிதத்தில்.

விஷயம் இதுதான். ஜனவரிக் கடைசியில் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு நேர ஓட்டம் வைக்கிறார்கள். ஒரு காருக்கு இரண்டு ஓட்டுநர் பெயர் கொடுக்கலாம். கொடுத்துவிட்டேன். இளவரசி குமாரசாமி, லோகேஷ் குமாரசாமி. முதல் சுற்று நான், இரண்டாவது நீ. துருப்பிடித்துக் கிடந்த வண்டியை நாம் இருவரும் சேர்ந்து வாங்கி, கயிறு கட்டி இழுத்து வந்த அன்று பேசிக்கொண்டது உனக்கு மறந்திருக்காது.

எஞ்சின் நன்றாக இருக்கிறது. வளைவில்தான் வண்டி சாய்கிறது. தாழ்வான ஸ்பிரிங் போட்டே ஆக வேண்டும். அம்பத்தூரில் ஒரு பட்டறையில் அளவு கொடுத்தால் சுற்றித் தருகிறார்கள். முப்பது எம்.எம். இறக்கலாம், நாற்பத்தைந்தும் இறக்கலாம். மெக்கானிக் பழனி, "எதுக்குக்கா வீண் அலைச்சல்? இருக்கிற ஸ்பிரிங்குலயே ஒரு சுத்து வெட்டி எறிஞ்சா தன்னால எறங்கிடும்" என்றான். வெட்டுகிற மெஷினோடு அவனை வெளியே அனுப்பிவிட்டேன். கட்சுக்குப் புறப்படும்போது, "தரையைத் தொடுற மாதிரி எறக்கணும்க்கா" என்று சொன்னவன் நீ. அதனால் நாற்பத்தைந்து என்று நினைத்திருக்கிறேன். உடனே பதில் போடு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா இளவரசி


பூஜ், கட்ச்
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

லோகேஷின் வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். அப்பா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்கிறாரா? அம்மா கோபம் தணிந்ததா, இல்லை அப்படியே கொதிக்கிறதா?

பதில் தாமதம், மன்னித்துவிடு. சைட்டில் வேலை நெருக்கடி. இப்போது கொஞ்ச நாளைக்கு ஊருக்குள் நண்பன் சத்யராஜ் அறையில் தங்கியிருக்கிறேன், இந்த விலாசத்துக்கே எழுது. கையெழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே, படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஸ்பிரிங் பற்றி யோசித்தேன். நாற்பத்தைந்து வேண்டவே வேண்டாம். ஷாக் அப்சார்பர் பழையது. அவ்வளவு இறக்கினால் அது மேலும் கீழும் ஓட இடமே இருக்காது, சின்னக் குழியில் விழுந்தாலும் ரப்பர் கட்டையில் போய் இடிக்கும். முப்பதே கூட அதிகம்தான். வையாவூர் ரோட்டு வேகத்தடையை நினைத்துப் பார். இப்போதிருக்கும் உயரத்திலேயே கொஞ்சம் விறைப்பான ஸ்பிரிங் போட்டால் என்ன?

எப்படியானாலும் முதலில் அளந்து எழுது. தரையிலிருந்து அளக்காதே, டயரில் காற்று குறைந்தால் கணக்கு தப்பும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்புவரை அள.

இன்னொன்று. டிரைவர் சீட் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்றும் பார்த்து எழுது.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லும்
லோகேஷ்


பிள்ளையார்பாளையம்
3 செப்டம்பர் 2025

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நீ சுகம் என்று படித்ததில் சந்தோஷம். இங்கே அப்பா கால் அப்படியேதான் இருக்கிறது. தறிக்குழியில் இறங்க முடியவில்லை என்று மேலே உத்திரத்தில் ஒரு கயிறு கட்டிக்கொண்டார். அதைப் பிடித்து உட்கார்ந்து, பிறகு காலை உள்ளே விடுகிறார். டாக்டரிடம் போகலாம் என்றால் இந்தப் புடவை முடியட்டும் என்கிறார். அது முடிவதற்குள் அடுத்த புடவைக்குப் பாவு நூல் வந்துவிடும்.

முதலில் சண்டையை முடித்துவிடுகிறேன். தரையைத் தொடணும் என்று சொன்ன வாயா வேகத்தடையைப் பற்றிப் பேசுகிறது? வையாவூர் ரோட்டு வேகத்தடை நேற்றா முளைத்தது? அதன் மேல் வண்டியைக் குறுக்காக ஏற்றி, அலுங்காமல் இறக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தவன் நீ. ஷாக் அப்சார்பர் பற்றிச் சொன்னது நியாயம், அதற்காக நாற்பத்தைந்தை விட்டுக்கொடுக்கிறேன். முப்பதில் ஒரு எம்.எம். கூடக் குறைக்கமாட்டேன்.

அளவு எடுத்தேன். காலையில் தெரு முழுக்கப் பாவு நீட்டியிருந்தார்கள், வண்டியை வெளியே எடுக்க வழியில்லை. ஷெட்டுக்குள்ளேயே தவழ்ந்து அளந்தேன். முன்பக்கம் இரண்டும் சரியாக இருக்கிறது. பின்பக்கம் இரண்டும் இருக்க வேண்டியதைவிட இருபது எம்.எம். தாழ்வு. பின் ஸ்பிரிங் களைத்துவிட்டது, வேறென்ன? அதற்கும் இருபத்தைந்து வயதாகிறது.

சீட்டு என் முழங்காலுக்கு ஒரு சாண் கீழே இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கார் சீட்டு வேறெங்கே இருக்கும், மொட்டை மாடியிலா? உனக்கு எதற்கு இந்தக் கணக்கு?

அடுத்த ஞாயிறு போனில் வீடியோ வை. அம்மா உன் முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாகிறது.

உன் பிடிவாதக்கார அக்கா
இளவரசி


பூஜ்
20 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நல்ல காற்று, நல்ல பசி. அங்கே மழை ஆரம்பித்துவிட்டதா? அப்பா கயிறு கட்டிக்கொண்டார் என்று படித்துச் சிரித்தேன், பிறகு சிரிப்பு வரவில்லை.

முப்பது என்று நீ முடிவு கட்டிவிட்டால் நான் சொல்லியா கேட்கப்போகிறாய்? சரி. பின் ஸ்பிரிங் அவ்வளவு தளர்ந்திருந்தால் பின்பக்கத்துக்கு ஒரு படி கனமான கம்பியில் சுற்றச் சொல். வெறும் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டு நிற்காதே, ரப்பர் புஷ் எல்லாவற்றையும் மாற்று. போட்ட பிறகு கொஞ்ச தூரம் ஓட்டி ஸ்பிரிங் அமர்ந்ததும் வீல் அலைன்மென்ட் பார்.

டிரைவர் சீட்டுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்த இடம் இருக்கிறதா? உயர்த்தினால் தலை, வண்டி கவிழ்ந்தால் காப்பதற்குப் போட்ட இரும்புக் கூண்டில் இடிக்குமா? கதவு இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறக்கும்படி செய்ய முடியுமா? நேரம் கிடைத்தால் பார்.

போன் கேமராவில் கோளாறு, அதனால்தான் வீடியோ வைப்பதில்லை. தீபாவளிக்கு லீவு கிடைக்காது போல. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடு.

ஒரே ஆள் இரண்டு சுற்றும் ஓட்டக்கூடாது என்று விதி ஏதும் உண்டா? சும்மாதான் கேட்கிறேன்.

உன்
லோகேஷ்


பிள்ளையார்பாளையம்
26 அக்டோபர் 2025

லோகேஷுக்கு,

நீ இல்லாமல் தீபாவளி போயிற்று. அம்மா உன் பங்கு அதிரசத்தைத் தனியாக எடுத்து வைத்து, அது கெட்டுப்போன பிறகும் டப்பாவை விடவில்லை. உடம்பு எல்லோருக்கும் பரவாயில்லை. என் மனசுதான் சரியில்லை, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கூத்தைக் கேள். ஸ்பிரிங் வந்தது. நீ சொன்னபடி பின்பக்கம் கனமான கம்பி. நானும் பழனியும் ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து மாட்டினோம். வண்டி மட்டமாக, அழகாக நின்றது. தென்னேரி ஏரிக்கரை ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். வளைவில் ஒட்டிக்கொண்டு போயிற்று. உன்னை நினைத்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு மறுநாள் ஷெட்டைத் திறந்தால் வண்டியின் பின்புறம் தூக்கிக்கொண்டு, மூக்கு தரையைப் பார்த்து நிற்கிறது. எனக்குத் தலை சுற்றியது. ஸ்பிரிங்கில் ஏதோ கோளாறு என்று பட்டறைக்குப் போன் போட்டு, வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டுவிட்டேன். அந்த மனிதர், "மேடம், பின்னாடி வெயிட் ஏதாச்சும் எறக்குனீங்களா?" என்று ஒரே கேள்வி கேட்டார். இல்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அப்போது அப்பா உள்ளேயிருந்து, "இளவரசி, அந்த அட்டைக் கட்ட இப்படித் தள்ளும்மா, தறியில கட்டணும்" என்று கூப்பிட்டார்.

போய்ப் பார்த்தால் கூடத்தில் மலை மாதிரி ஜக்கார்டு அட்டை. பழைய மயில் டிசைனுக்குத் துளை போட்ட அட்டை, ஒவ்வொரு கட்டும் நல்ல கனம். எங்கே இருந்தது இவ்வளவும் என்றேன்.

"உன் கார்லதான்" என்றாள் அம்மா. "ஸ்டெப்னி வைக்கிற குழி சும்மாத்தானே இருந்துச்சு. போன மழையில இங்க ஒழுகிச்சு, அட்டை ஊறிடும்னு அதுல அடுக்கி மேல கம்பளம் போட்டு மூடி வச்சேன். கல்யாண ஆர்டருக்கு இப்ப வேணும்னு அப்பா கேட்டாரு, நேத்து ராத்திரி எடுத்துக் குடுத்துட்டேன். அதுக்கு இன்னாடி இப்ப?"

"வண்டிய வித்துடு வித்துடுன்னு சொல்லிக்கினே அதுல சாமான் போட்டு வச்சிருக்கியேம்மா?"

"விக்கிற வரைக்கும் ஒதவட்டுமேன்னுதான்."

புரிகிறதா? பின் ஸ்பிரிங் களைக்கவே இல்லை. அது பாவம், இரண்டு ஆள் கனத்துக்கு அட்டையைச் சுமந்துகொண்டு நின்றிருக்கிறது. நான் குழியைத் திறந்து பார்க்காமல் அளந்தேன், நீ அந்த அளவை நம்பிக் கனமான கம்பி சொன்னாய். பட்டறைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். வெறும் வண்டியை மறுபடி அளந்து, பின்பக்கம் வேறு சுற்றச் சொல்லியிருக்கிறேன்.

அன்று படுத்தபடி யோசித்தேன். பின்பக்கம் தாழ்ந்திருந்ததைப் பார்த்தும், அது எதைச் சுமக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லையே எனக்கு. அப்படி யோசித்ததும் உன் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். சீட் எவ்வளவு உயரம். சீட்டை உயர்த்தலாமா. கதவு அகலமாகத் திறக்குமா. ஒரே ஆள் இரண்டு சுற்றும் ஓட்டலாமா. படுத்துக்கொண்டு எழுதியது. சைட்டில் இல்லாமல் நண்பன் அறையில் இருப்பது. கேமரா கோளாறு. தீபாவளிக்கு வராதது.

நேராகக் கேட்கிறேன், நேராகச் சொல். உன் காலுக்கு என்ன ஆயிற்று?

இளவரசி


பிள்ளையார்பாளையம்
16 நவம்பர் 2025

லோகேஷுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனிலும் "நல்லா இருக்கேம்மா" என்று சொல்லிவிட்டு, நான் வாங்குவதற்குள் வைத்துவிடுகிறாய்.

இந்த மாதம் முடிவதற்குள் கடிதம் வரவில்லை என்றால் தொழிற்சாலையில் லீவு போட்டுவிட்டு நானே பூஜுக்கு வருவேன். வந்து, சத்யராஜ் அறை வாசலில் நின்று தெருவே கூடுகிற மாதிரி உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். நான் செய்வேன் என்று உனக்குத் தெரியும்.

அக்கா


பூஜ்
24 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வராதே, சொல்லிவிடுகிறேன். நீ நலமாக இருக்க வேண்டும். அதைத் தவிர வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

உன் முதல் கடிதம் வந்த வாரம்தான். சைட்டிலிருந்து திரும்பும்போது மணலில் பைக் சறுக்கிவிட்டது. எதிரே வண்டி இல்லை, யார் மேலும் தப்பு இல்லை. இடது இடுப்பு மூட்டுக்குக் கீழே எலும்பு முறிந்து, பிளேட் வைத்திருக்கிறார்கள். சத்யராஜும் அவன் மனைவி எஸ்தரும்தான் பார்த்துக்கொண்டார்கள். அறை என்று எழுதினேனே, அது அவர்கள் வீடு. எஸ்தர் தினமும் திட்டினாள், வீட்டுக்குச் சொல்லு, வீட்டுக்குச் சொல்லு என்று. அப்பா முழங்காலோடு ரயிலேறி வந்துவிடுவார், அம்மா அழுதே படுத்துவிடுவாள் என்று பயந்தேன். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன்.

இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிறேன். ஆபீஸில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். ஜனவரிக்குள் கிளட்ச் மிதிக்கலாம், கார் ஓட்டலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஓட்டுவது பிரச்சினை இல்லை அக்கா. உட்காருவதுதான்.

ஆகஸ்டில், சத்யராஜுக்குத் தெரிந்தவர் காரில் உட்கார்ந்து பார்த்தேன். நம் வண்டி அளவுக்குத் தாழ்வுகூட இல்லை. பொத்தென்று விழுந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. டீக்கடையிலிருந்து இரண்டு பேர் வந்து அக்குளில் கை கொடுத்து மூட்டையைத் தூக்குவதுபோல் தூக்கி வெளியே வைத்தார்கள். சுற்றி நின்றவர்கள் பாவம் என்றார்கள். வலியைவிட அந்த வார்த்தைதான் தாங்கவில்லை. அத்தனை பேர் முன்னால் டிராக்கில் நீயும் பழனியும் என்னை அப்படித் தூக்கி வைத்து, தூக்கி இறக்குவதை நான் நினைத்தே பார்க்கமாட்டேன்.

அதனால்தான் இறக்காதே, சீட்டை உயர்த்து என்று சுற்றிச் சுற்றி எழுதினேன். இப்போது நேராக எழுதுகிறேன். உன் விருப்பம்போல் இறக்கு. என் சுற்றையும் நீயே ஓட்டு. அப்பா அம்மாவிடம் மட்டும் சொல்லாதே.

லோகேஷ்


பிள்ளையார்பாளையம்
2 டிசம்பர் 2025

என் கண்ணான தம்பிக்கு,

கம்பெனி பஸ்ஸில் வைத்து உன் கடிதத்தைப் படித்தேன். ஒரகடம் வரை அழுதேன். பக்கத்தில் இருந்த மஹாலட்சுமி காதல் தோல்வி என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் கொடுத்தாள். எஸ்தருக்கும் சத்யராஜுக்கும் நம் வீடே கடன்பட்டிருக்கிறது, அதைச் சொல்லிவிடு. உன்னை நேரில் பார்க்கும்போது ஓங்கி ஒன்று வைப்பேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கோபப்படு, பரவாயில்லை. அம்மா அழுதாள், ஆனால் படுக்கவில்லை. அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு, "புள்ள தனியா கெடந்திருக்குது, நான் இங்க அதிரசம் சுட்டுக்கினு இருந்திருக்கிறேன்" என்றாள். அப்பா எழுந்து தறிக்குப் போய்விட்டார்.

அன்றே முடிவு செய்தேன், பழைய ஸ்பிரிங்கையே மாட்டி வண்டியை உயர்த்திவிடலாம் என்று. தோற்றாலும் நீ ஓட்டினால் போதும் என்று நினைத்தேன். அதை அப்பாவிடம் சொல்லத்தான் போனேன். அவர் அப்போதுதான் சாப்பிட்டுவிட்டு மறுபடி தறியில் இறங்கிக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் நின்று, தினமும் சொல்கிறதையே சொன்னாள்: "கயித்த நம்பி ஒக்காரு. கால் பின்னால தன்னால வரும்."

அவர் உத்திரத்துக் கயிற்றில் கனத்தைப் போட்டு, மெல்ல உட்கார்ந்து, பிறகு ஒவ்வொரு காலாகக் குழிக்குள் விட்டார். எழுந்திருக்கும்போதும் அதே கயிறு. யாரும் தூக்கவில்லை. யாரும் பாவம் என்று சொல்லவில்லை. நான் வந்த வேலையை மறந்து பார்த்துக்கொண்டே நின்றேன். நம் வண்டியில் உட்காருவதும் அப்படித்தானே? முதலில் உட்கார வேண்டும், பிறகு காலை உள்ளே எடுக்க வேண்டும். தலைக்கு மேலே இரும்புக் கூண்டின் கம்பி இருக்கிறது. கயிறு கட்ட வேறென்ன வேண்டும்?

அதனால் வண்டியை உயர்த்தமாட்டேன். முப்பது இறக்கத்தான் போகிறேன். நீ சீட்டு வரைக்கும் இறங்கி வரத்தான் போகிறாய்.

டாக்டரிடம் நேராகக் கேள். தாழ உட்காரக்கூடாது என்கிறாரா, உட்கார முடியாது என்கிறாரா? கூடாது என்றால் அதோடு விட்டுவிடுகிறேன், இனிப் பேச்செடுக்கமாட்டேன். முடியாது என்பதுதான் விஷயம் என்றால் இன்றைக்கே ஒரு கயிறு வாங்கு.

உன்னை விடமாட்டாத
அக்கா இளவரசி


பூஜ்
21 டிசம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா அம்மாவிடம் சொன்னதற்கு உன் மேல் எனக்குக் கோபம். அது மூன்று நாள் இருந்தது. பிறகு அம்மா போனில், "வீடியோ வைடா, ஒன் மூஞ்சப் பாக்கணும்" என்றாள். வைத்தேன். தடியைக் காட்டச் சொன்னாள், காட்டினேன். நல்ல தடிதானா என்று விசாரித்தாள். இவ்வளவுக்கா ஐந்து மாதம் பயந்தேன் என்று இருந்தது. அப்பா கடைசியில் வந்து, "வலி இருக்குதாபா?" என்றார். இருக்குதுபா என்றேன். "எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டாக்டரிடம் கேட்டேன். உட்காரலாம், ஆனால் பொத்தென்று விழக்கூடாது, கை தாங்க வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு, பயிற்சி கொடுக்கிறவரிடம் அனுப்பினார். அவரிடம் கற்றுக்கொண்டு, ஜன்னலுக்கு மேலே கொக்கி அடித்துக் கயிறு கட்டினேன். முதலில் நாற்காலி, பிறகு குட்டையான பிரம்பு மோடா, இப்போது கவிழ்த்த பெயின்ட் டப்பா. அதுதான் நம் சீட்டு உயரம், உன் ஒரு சாண் கணக்கை வைத்துப் பார்த்துக்கொண்டேன். இறங்கிவிடுகிறேன். எழுந்திருக்க இன்னும் நேரமாகிறது, வியர்த்துவிடுகிறது. எஸ்தர் பக்கத்தில் நிற்பாள், கை கொடுக்கக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பின் ஸ்பிரிங்குக்கு முதலில் இருந்த கம்பி கனமே போதும், அதற்கு மேல் போகாதே. உயரம் முப்பது இறக்கம். சீட்டுக்கு அடியில் கட்டை எதையும் வைத்துவிடாதே. வைத்திருந்தால் கழற்று.

பொங்கலுக்கு முதல் நாள் வந்து சேருவேன். ஒன்று வைப்பேன் என்றாயே, வலது பக்கமாக வை.

லோகேஷ்


பிள்ளையார்பாளையம்
4 ஜனவரி 2026

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம், எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஸ்பிரிங் மாட்டியாயிற்று. அதற்கு முன் ஸ்டெப்னிக் குழி, டிக்கி, சீட்டுக்கு அடி எல்லாம் திறந்து பார்த்தேன். அம்மா ஒரு மஞ்சள் பை வைத்திருந்தாள், எடுத்துவிட்டேன். வண்டி மட்டமாக நிற்கிறது. முன்னும் பின்னும் முப்பது.

கயிறு அப்பா திரித்தார். பாவு முடிந்தபின் தறியில் மிஞ்சிய பட்டு நூல், அரக்கும் மஞ்சளும். கடைக் கயிறு போதுமே என்றேன். "அது கைய அறுக்கும்" என்றார். பழனி அதைக் கூண்டுக் கம்பியில் கட்டி, இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தான். அசையவில்லை.

வந்து சேர்.

அக்கா


பூஜ்
8 பிப்ரவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீங்கள் மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? ரயிலில் கால் வீங்கியது, இப்போது வடிந்துவிட்டது. வடிந்துவிட்டது என்பது நிஜம், இனிப் பொய் எழுதமாட்டேன்.

அன்று டிராக்கில் பேச நேரமே இல்லை, அதனால் இதை எழுதுகிறேன். உன் சுற்று முடிந்து நீ இறங்கினாய். ஹெல்மெட்டைக் கொடுத்தாய், கயிற்றைக் கூண்டுக் கம்பியில் கட்டினாய். நான் தடியைப் பழனியிடம் கொடுத்தேன். அந்தப் பரிசோதனை அதிகாரி வந்து, வண்டி ஓடும்போது உள்ளே எதுவும் தொங்கக்கூடாது, கயிற்றை அவிழ்த்துவிடுங்கள் என்றார். எனக்கு அந்த இடத்திலேயே திரும்பிவிடலாம் போல இருந்தது. நீதான், "அவன் உக்காந்ததும் அவுத்துடறேன் சார், திரும்பி வந்ததும் கட்டிக்கிறேன்" என்றாய். அவர் என் தடியைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், சரி என்றார்.

கயிற்றைப் பிடித்தேன். அவ்வளவு பேர் பார்க்கிறார்கள், பிடித்தபடியே நின்றேன். அப்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மா குரல். அந்த வண்டியை விற்றுவிடு என்று இத்தனை வருஷம் சொன்ன அம்மா. "கயித்த நம்பி ஒக்காருடா! கால் பின்னால தன்னால வரும்!" டிராக் முழுக்கக் கேட்டிருக்கும். உட்கார்ந்தேன். கால் வந்தது.

கடைசி இடம்தான், தெரியும். உன்னைவிட எவ்வளவு மெதுவாக வந்தேன் என்று நீ பழனியிடம் சொல்லிச் சிரித்ததையும் பார்த்தேன். ஆனால் அக்கா, அந்த இரண்டாவது வளைவில் வண்டி சாயவே இல்லை. தரையோடு தரையாகப் போயிற்று. முப்பதுதான் சரி. நீ சொன்னதுதான் சரி.

சுற்று முடிந்து வந்து நிறுத்தும்போது பார்த்தேன். எல்லோரும் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்கள். நீ மட்டும் நான் புறப்பட்ட இடத்திலேயே, அந்தக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாய். அதை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

அடுத்த வருடமும் இரண்டு பெயரையும் கொடு. முன் ஸ்பிரிங் இன்னும் கொஞ்சம் விறைப்பாக வேண்டும் என்று தோன்றுகிறது, அதைப் பற்றிச் சண்டை போடலாம்.

ஒரு வேண்டுகோள். இங்கே ஜன்னலில் கட்டியிருப்பது கடைக் கயிறு, அப்பா சொன்னதுபோல் கையை அறுக்கிறது. அதே மாதிரி இன்னொன்று திரித்து அனுப்பச் சொல். ஆபீஸ் ஜீப்பில் கட்டிக்கொள்கிறேன். எதற்கு என்று யாராவது கேட்டால் சொல்லிவிடுகிறேன்.

உன் தம்பி
லோகேஷ்